ஓடிய வண்டியை வாங்கலாமா?

2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் ஏம்பலத்தில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் தங்கை மகன் ஒரு கேள்வியோடு வந்து நின்றான். "மாமா, பக்கத்துத் தெருவில் ஒரு ஆர்.எக்ஸ். 100 விலைக்கு வருது. 1994 மாடல். மீட்டரில் 41,300 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. 65,000 ரூபாய் சொல்றார். வாங்கலாமா?"

அவன் அப்போதுதான் தொழிற்பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்திருந்தான். பணம் அவனுடையதன்று, அவன் அம்மா மூன்று ஆண்டுகளாகக் கட்டி வந்த சீட்டுப் பணம். "ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லுண்ணே" என்றாள் தங்கை. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவனுக்கு வண்டியைப் பற்றியும் தெரியும் என்பது எங்கள் வீட்டில் நிலவும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆர்.எக்ஸ். 100ஐ இன்றைய மாணவர்களில் பலர் சத்தத்தாலேயே அறிந்திருப்பீர்கள். யமஹாவின் இந்த மோட்டார் சைக்கிள் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்டது. இது ஒற்றைச் சிலிண்டர் கொண்ட இருவீச்சு எந்திரம். சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் 50 மி.மீ. இந்த இரண்டு எண்களைக் கொண்டு உருளையின் பருமனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 98 கன சென்டிமீட்டர் வரும். அதுதான் அந்த வண்டியின் "சி.சி."

இவ்வளவு சிறிய எந்திரம் நிமிடத்துக்கு 7,500 சுற்றுகளில் 11 குதிரைத்திறன் தரும். வண்டியின் எடையோ நூறு கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 9 கிலோ! மேல்நாடுகளில் ஓடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொண்டால், 1,000 கிலோ எடையும் 100 குதிரைத்திறனும் கொண்ட காரில்கூட ஒரு குதிரைத்திறனுக்கு 10 கிலோ வருகிறது. (ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் மோட்டார் சைக்கிளின் கணக்கு சட்டென்று மாறிவிடும், காரில் அவ்வளவு மாறாது. ஏன் என்று யோசியுங்கள்.) கார் என்பதே அரிதாக இருந்த கிராமங்களில் இந்த வண்டிதான் இளைஞர்களின் ஸ்போர்ட்ஸ் கார். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவருக்கு வரும் சந்தேகம் அத்தனையும் இதை வாங்குகிறவருக்கும் வரும்.

அந்தச் சந்தேகங்களில் முதலாவது, மீட்டரை நம்பலாமா என்பது.

முன் சக்கரத்தின் அச்சில் ஒரு சிறு பற்சக்கர அமைப்பு இருக்கிறது. அதிலிருந்து வளையும் கேபிள் ஒன்று சுழன்றுகொண்டே மேலே மீட்டருக்குப் போகிறது. மீட்டருக்குள் கேபிளின் முனையில் ஒரு நிலைக்காந்தம். அதைச் சுற்றி, ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. பிரெஞ்சு அறிஞர் பூக்கோ 1855இல் கண்டறிந்த அதே மின்னோட்டங்கள்தாம். அவை கிண்ணத்தைக் காந்தத்தின் பின்னால் இழுக்கின்றன. ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கிறது. வேகம் கூடக் கூட இழுப்பும் கூடுகிறது, முள்ளும் நகர்கிறது. அலுமினியம் காந்தத்தால் கவரப்படாத உலோகம் என்று எட்டாம் வகுப்பில் படித்துவிட்டு, இந்த முள் எப்படி நகர்கிறது என்று நான் பல நாள் குழம்பியதுண்டு.

தூரம் காட்டும் எண்களுக்கு இந்தக் காந்த வித்தை எதுவும் இல்லை. வெறும் பற்சக்கரங்கள்தாம். ஒரு வளையம் முழுச் சுற்றுச் சுற்றினால் அடுத்த வளையம் பத்தில் ஒரு பங்கு நகரும். ஆக, மீட்டர் எண்ணுவது கிலோமீட்டரை அன்று, முன் சக்கரத்தின் சுற்றுகளை. அந்த வண்டியின் முன் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர்; ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 550 சுற்றுகள். கேபிள் அறுந்துபோனால் வண்டி இராமேசுவரம் வரை போய் வந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. மேலும் எண்கள் ஐந்து இலக்கமாக இருந்தால் 99,999க்கு அடுத்து மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும்.

தங்கை மகனிடம் ஒரு காகிதம் கொண்டு வரச் சொன்னேன். 41,300ஐ முப்பது ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 1,377 கிலோமீட்டர். நாளுக்கு நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. "இந்த வண்டியை அவர் எதற்கு வைத்திருந்தார்?" என்று கேட்டேன். "வேலைக்குத்தான் மாமா. பத்து வருஷம் இதிலேதான் புதுச்சேரிக்குப் போய்வந்தேன்னு பெருமையாகச் சொன்னார்."

போக வர 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 12,000. பத்து ஆண்டுக்கு 1,20,000. பையனின் முகம் விழுந்துவிட்டது. விற்பவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் மீட்டரில் இருந்ததைச் சொன்னார். தம் வாழ்க்கையில் நடந்ததையும் சொன்னார். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்காதது நம் குற்றம்தான்.

ஆனால் 1,20,000 என்று தெரிந்ததும் "வேண்டாம்" என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒருவர் இருந்தார். அவர் 1966இல் வோல்வோ பி1800 என்ற சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாக வாங்கினார். அவர் தொழில், பள்ளியில் அறிவியல் கற்பிப்பது. வேலைக்குப் போய் வரவே நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர். 1987இல் அந்தக் கார் பத்து இலட்சம் மைலைத் தாண்டியது. 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் முப்பது இலட்சம் மைலைத் தொட்டது, அதாவது ஏறத்தாழ 48 இலட்சம் கிலோமீட்டர். பூமியிலிருந்து சந்திரனுக்குப் பன்னிரண்டு முறை போகும் தூரம்! எந்திரத்தை முதன்முறையாகப் பிரித்துப் புதுப்பித்ததே 6,80,000 மைலுக்குப் பிறகுதான். அவர் 2018இல் காலமானார். அறிவியல் ஆசிரியர்களுக்கு வண்டி தெரியாது என்பவர்களிடம் நான் இவரைத்தான் சொல்வது வழக்கம்.

அப்படியானால் சில எந்திரங்கள் நாற்பதாயிரத்தில் முடங்குவதும், ஒன்று பத்து இலட்சம் தாண்டியும் ஓடுவதும் எதனால்?

தேய்மானத்தின் கணக்கு

ஆர்.எக்ஸ். 100 மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது எந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 சுற்று என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டர் போக 72 விநாடி. அதற்குள் 4,800 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் 5 செ.மீ. மேலே, 5 செ.மீ. கீழே. ஆக வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பிஸ்டன் சிலிண்டர் சுவரை உரசிக்கொண்டு 480 மீட்டர் பயணம் செய்துவிடுகிறது. வண்டி 1,20,000 கிலோமீட்டர் ஓடினால் பிஸ்டன் 57,600 கிலோமீட்டர். பூமியை ஒரு முறை சுற்றி, மேலும் பாதிக்கு அருகில்.

உரசும் பரப்புகள் எவ்வளவு தேயும்? ஆர்ச்சர்டு என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1953இல் இதற்கு ஒரு எளிய விதியை வெளியிட்டார். தேய்ந்துபோகும் பொருளின் பருமன், பரப்புகளை அழுத்தும் விசைக்கும் உரசிய தூரத்துக்கும் நேர்விகிதத்திலும், மென்மையான பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதே அது. அவருடைய விதியில் இன்னொரு மாறிலியும் உண்டு. பரப்புகளுக்கு இடையே எண்ணெய் இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த மாறிலி பல்லாயிரம் மடங்கு மாறும்! மீட்டர் நமக்குச் சொல்வது தூரத்தை மட்டும். விசையைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை.

விசையை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வருகிறது. திரும்பும் இடத்தில் அதன் முடுக்கம் ω²r என்று தனிச்சீரிசை இயக்கத்தில் படித்திருப்பீர்கள். மேல்வகுப்புக்குப் போகாதவர்கள் இனிப் படிப்பீர்கள். r என்பது 2.5 செ.மீ. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 450 மடங்கு. 7,500 சுற்றில் 1,500 மடங்கைத் தாண்டிவிடும். பிஸ்டனும் அதோடு ஆடுபவையும் நூறு கிராம் என்று வைத்தால், 150 கிலோ எடைக்குச் சமமான விசை விநாடிக்கு 250 முறை திசை மாறி மாறித் தாக்குகிறது. சுற்று இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. ஒரே தூரம் ஓடிய இரண்டு வண்டிகளில் ஒன்று வேலைக்குப் போனது, மற்றொன்று பந்தயம் விட்டது என்றால், இரண்டின் பேரிங்குகளும் ஒன்றாக இருக்க முடியாது. வேகத்துக்காகச் செய்யப்பட்ட வண்டிகளைப் பழையதாக வாங்கும்போது இந்த இடத்தில்தான் ஏமாற்றம். வாங்கியவர்களில் யார்தாம் அவற்றை மெதுவாக ஓட்டியிருப்பார்கள்?

அடுத்தது எண்ணெய். நல்ல எந்திரத்தில் பிஸ்டன் சுவரைத் தொடுவதே இல்லை எனலாம். இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் தாங்குகிறது. படலம் நிலைக்க வேண்டுமானால் பரப்புகள் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். பிஸ்டன் நின்று திரும்பும் இரு முனைகளிலும் படலம் மெலிந்து போகும். அதனால்தான் பழைய சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படும். எந்திரம் குளிர்ந்திருக்கும்போது கிளப்பும் முதல் சில விநாடிகளிலும் இதே நிலைதான். கார்டன் ஒருமுறை கிளப்பினால் நூறு கிலோமீட்டர் ஓட்டினார். கடைக்கும் வீட்டுக்கும் நாளுக்கு எட்டு முறை கிளப்பி அணைக்கும் வண்டி, குறைந்த தூரத்திலேயே அதிகம் தேயும். ஆக, "கொஞ்சம்தான் ஓடியது" என்பது எப்போதும் நல்ல செய்தியன்று. ஓடாமல் நின்ற வண்டிக்கு வேறு நோய்களும் உண்டு: ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்து முதுமை அடைவதில்லை, ஆண்டைப் பார்த்து அடைகிறது, காற்றிலுள்ள ஓசோன் அதை வெடிக்கச் செய்கிறது. நம் பக்கத்துக் கடற்கரை ஈரக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இருவீச்சு எந்திரத்தில் எண்ணெயைப் பற்றி இன்னொரு செய்தி. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகும் எண்ணெய்தான் பிஸ்டனையும் கிராங்க்கையும் காக்கிறது; பிறகு அதுவே எரிந்து புகையாகிறது. (எரியாத கலவையில் ஒரு பகுதியும் வெளியே தப்பிவிடுகிறது. 1996இல் புகை வரம்புகள் இறுக்கப்பட்ட பிறகு இவ்வகை எந்திரங்கள் மெல்ல மெல்ல விடைபெற்றதற்கு இதுவே காரணம்.) எண்ணெய் வரும் வழி அடைபட்டால் அடுத்த சில நிமிடங்களில் எந்திரத்தின் கதை முடிந்தது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. முதுகலை முடித்த புதிதில் நானும் ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்கினேன். மீட்டரைப் பார்த்தேன், பெயிண்டைப் பார்த்தேன், சத்தத்தில் மயங்கினேன். ஆறாவது வாரம், பாகூர் ஏரிக்கரைப் பக்கம் இரவு எட்டு மணிக்கு, மணிக்கு அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. எண்ணெய்ப் பம்பு எப்போதோ வேலை செய்வதை நிறுத்தியிருந்தது எனக்குத் தெரியாது. பிஸ்டன் நின்றால் கிராங்க் நிற்கும். கிராங்க் நின்றால் செயின் வழியே பின் சக்கரமும் நின்றுவிடும். வண்டி வழுக்கிக்கொண்டே போனது. ஏதோ ஒரு பழக்கத்தில் கை கிளட்சை அழுத்தியதால் சக்கரம் விடுபட்டது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். என் இயற்பியல் அறிவு அன்று எனக்கு எதற்கும் உதவவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வண்டியைப் பார்க்கப் போனோம்

மறுநாள் காலை, ஊரில் முப்பது ஆண்டாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். முந்தின நாள் மாலையே போயிருந்தோம். ஆனால் விற்பவர் எங்களுக்காக வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார். சிலிண்டருக்கு அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. "இப்போ வேணாம் சார், காலையில குளிர்ந்து கிடக்கும்போது பாப்போம்" என்றார் மெக்கானிக்.

இதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. அலுமினியத்தின் நீள்விரிவுக் குணகம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு. இரண்டும் 80 டிகிரி சூடேறுவதாக வைத்தால், 50 மி.மீ. பிஸ்டன் 0.09 மி.மீ. விரியும், சிலிண்டர் 0.04 மி.மீ.தான் விரியும். இடைவெளி 0.05 மி.மீ. சுருங்கிவிடும். தலைமயிரின் தடிமனுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் தேய்ந்த எந்திரத்தின் தளர்ச்சியை மறைக்க அதுவே போதும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் ஆடிச் சுவரில் மோதும் ஓசை கேட்கும், சூடேறியதும் மறைந்துவிடும்.

காலையில் நான்காவது உதையில் வண்டி கிளம்பியது. "டக், டக், டக்" என்று ஓர் ஓசை. ஒரு நிமிடத்தில் குறைந்தது, இரண்டு நிமிடத்தில் இல்லை. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் பையனைப் பார்த்தேன்.

பிறகு அவர் காட்டியவை எல்லாம் மீட்டரைவிட நேர்மையான சாட்சிகள். கால் வைக்கும் ரப்பரின் கோடுகள் மழுங்கியிருந்தன. பிரேக் மிதியின் இரும்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளத்தது. பின் சக்கரப் பல்வட்டின் பற்கள் சுறாமீன் துடுப்புப்போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. செயினை நானே அளந்தேன். அந்த வண்டிச் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 12.7 மி.மீ.; இருபது கண்ணிகள் 25.4 செ.மீ. இருக்க வேண்டும். இருந்தது 26 செ.மீ. செயின் நீண்டுவிட்டது என்கிறோம்; உண்மையில் இரும்பு நீளவில்லை. ஒவ்வோர் ஊசியும் அதன் துளையும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்த கணக்கு அது. உங்கள் சைக்கிள் செயினிலும் இதே 12.7 மி.மீ.தான். பள்ளி அளவுகோலை எடுத்து இருபது கண்ணிகளை அளந்து பாருங்கள். 25.6 செ.மீ.க்கு மேல் போனால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் பல்வட்டையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

சட்டம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். தரையில் ஊற்றி, அதன் வழியே வண்டியை நேராக உருட்டினோம். முன் சக்கரத்தின் ஈரச் சுவட்டின் மேலேயே பின் சக்கரச் சுவடும் விழுந்தது. வண்டி பெரிதாக விழுந்து எழுந்ததில்லை என்று பொருள். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பிரேக்கைப் பார்த்ததும் அது போய்விட்டது. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். லைனிங் கிட்டத்தட்ட இல்லை. வண்டியும் ஆளும் சேர்ந்து 165 கிலோ என்றால், மணிக்கு 60 கிலோமீட்டரில் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 23,000 ஜூல். மணிக்கு 90இல் 51,000க்கு மேல். வேகம் ஒன்றரை மடங்கு, ஆற்றல் இரண்டேகால் மடங்கு. நிறுத்தும்போது இவ்வளவும் அந்த இரண்டு சிறிய டிரம்களில் வெப்பமாக வேண்டும். இந்த வண்டி ஓடுவதில் கெட்டிக்காரன், நிற்பதில் அல்ல என்று பழைய ஆட்கள் சொல்வதை என் தங்கையிடம் நான் சொல்லவில்லை.

மெக்கானிக் விரலை மடக்கி எண்ணினார். சிலிண்டரை லேத்தில் கொடுத்து அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். செயின், பல்வட்டு, பிரேக் லைனிங், கிராங்க் சீல், எல்லா ரப்பரும், மீட்டர் கேபிளும். "இருபதாயிரம் ஆகும். ஆனா உள்ளே நல்ல வண்டி சார். எண்ணெய் ஊத்தி ஓட்டியிருக்கார்" என்றார். எண்ணெய்ப் பம்பையும் திறந்து பார்த்தோம். சரியாக வேலை செய்தது. எந்திர எண்ணும் சட்ட எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போயின. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பதிவுப் புதுப்பிப்பும் ஒழுங்காக நடந்திருந்தது. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் கணக்கே வேண்டாம், திரும்பி வந்திருப்போம்.

65,000 கேட்டவரிடம் பையன் அந்தக் காகிதத்தைக் காட்டினான். 41,300 ஒரு பக்கம், 1,20,000 மறுபக்கம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கேபிள் அறுந்து கொஞ்ச காலம் ஆச்சு, மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன்" என்றார். கொஞ்ச காலம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. 45,000க்கு ஒப்புக்கொண்டார். மீதி இருபதாயிரமும் பட்டறைக்கு.

தங்கை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பிரேக்கும் ஹெல்மெட்டும் முதலில், எந்திரம் பிறகு. மெக்கானிக்கும் அதையே சொன்னார்.

சித்திரையில் மறுபடியும் ஏம்பலம் போனபோது வண்டி திண்ணையோரம் நின்றிருந்தது. மீட்டருக்குப் புதுக் கேபிள். பையன் ஒரு கோடு போட்ட நோட்டை நீட்டினான். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், எண்ணெய் என்று நான்கு பத்திகள் இழுத்திருந்தான். முதல் வரியில் 41,300 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பொய்" என்று குறித்திருந்தான்.